வாயில்லா உயிர்களின் மெய்ப்பாடு

தமிழில் விலங்குகளைப் பரிவோடு சுட்டுவதற்கு 'வாயில்லாச் சீவன்' என்றொரு தொடர் வழங்கி வருகின்றது. வண்டிமாட்டை அளவு மீறி அடிப்பவனைக் கண்டால், "வாயில்லாச் சீவனை ஏனப்பா இப்படி வதைக்கிறாய்?" என்று வழிப்போக்கர் கேட்பர். இரக்கத்தில் பிறந்த தொடர் இது என்பதில் ஐயமில்லை. எனினும், மொழி பயிற்றுவிக்கும் எமக்கு இத்தொடர்மீது நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. நாய்க்கு வாயுண்டு, அது குரைக்கும், முனகும், ஊளையிடும். பூனைக்கும் வாயுண்டு; அது கத்தும், சீறும், உறுமும். 'எனக்கு இவ்விடத்தில் நோகின்றது' என்று பெயரிட்டுக் கூறும் சொல் மட்டுமே அவற்றிடம் இல்லை. சொல் இல்லாத இடத்தில் நோவும் இல்லை என்று எண்ணிவிடும் பழக்கம் நம்மிடையே எவ்வாறோ நிலைத்துவிட்டது. அப்பழக்கம் தகுமா என்பதை நாயையும் பூனையையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலங்குகளை உற்று நோக்குவதில் தமிழர் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். தொல்காப்பிய மரபியல், நாயின் இளமைக்குக் குருளை என்றும், வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் தனித்தனியே பெயர் வகுக்கின்றது. விலங்குகளை ஐயறிவு உயிர்கள் எனக் கூறுகையில், தொடுதலால் அறியும் அறிவையே அனைத்துக்கும் முதலாக வைக்கின்றது. நோவு உணரும் வாயில் அதுவே அன்றோ?

அதே பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழியே காண்பார்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரல் என்பதற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் நிலைக்களன்களாகச் சொல்லப்படுகின்றன. மெய்ப்பாடு வாய்ச்சொல்லை வேண்டி நிற்பதில்லை. அகப்பாடல்களில் தலைவி தன் நோயைச் செவிலியிடம் எடுத்துரைப்பதில்லை. வளை கழல்வதையும் நுதல் பசப்பதையும் கண்டு செவிலியே ஏதோ நேர்ந்துள்ளது என அறிகின்றாள். ஆனால், நோயின் காரணத்தை அறியாமல் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்தும் செவிலியரையும் நாம் அப்பாடல்களில் காண்கிறோம். காண்பது ஒன்று, கண்டதைச் சரியாகப் பொருள் கொள்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். விலங்கின் நோவை அளக்கும் இன்றைய அறிவியலும் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைக்கும் முயற்சியே ஆகும்.

நோவும் சொல்லும்

நோவைக் குறிக்கும் சொற்கள் நம் மொழியில் மிகப்பல. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, பிசைதல் எனப் பெயர்கள் நீள்கின்றன. 'சுரீர்' என்றது, 'விண்விண்' என்று தெறித்தது என ஒலிக்குறிப்பாலும் நோவை உணர்த்துகிறோம். தலைவலிக்குக் குடைச்சல் என்பார், காலில் முள் தைத்தால் குடைச்சல் என்னார். இத்தகைய சொல்வேறுபாடு மருத்துவருக்குப் பெருந்துணையாகும் என்பதை உணர்ந்தவர் கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் ரொனால்டு மெல்சாக். அவர் 1975-ஆம் ஆண்டில் நோவைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பகுத்து ஒரு வினாத்தாளை வெளியிட்டார். நோயாளி தமக்குப் பொருந்தும் சொற்களைத் தெரிவு செய்வார். அச்சொற்களைக் கொண்டு நோவின் தன்மையும் அளவும் கணிக்கப்படும். சொல்லாராய்ச்சி மருத்துவத்துக்கும் பயன்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இம்முறை பேசுவோர்க்கே உரியது. பேசாதார் நிலை என்னாவது? பச்சிளங் குழந்தைகளின் வரலாறு இதற்கு விடை கூறும். கைக்குழந்தைகள் பெரியோரைப் போல நோவை உணர்வதில்லை என்ற கருத்து 1980-கள் வரையிலும் மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. அதனால், போதிய நோவு நீக்கி மருந்தின்றியே அவர்கட்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் ஆனந்த் என்பாரும் அவருடைய துணைவர்களும் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளே அக்கருத்தைத் தகர்த்தவற்றுள் தலையாயவை. மக்கட் குழவிக்கே இந்நிலை எனின், நாய்க்குட்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

நோவு ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் 1979-ஆம் ஆண்டில் நோவுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. உடற்சிதைவோடு தொடர்புடைய, அல்லது அத்தகைய சிதைவாக எடுத்துரைக்கப்படும், விரும்பத்தகாத உணர்வு என்பது அதன் சாரம். 'எடுத்துரைக்கப்படும்' என்ற சொல், உரைக்க இயலாதாரைப் புறந்தள்ளுகின்றது என்று அறிஞர் பலர் குறை கூறினர். 41 ஆண்டுகள் கழித்து, 2020-இல் அக்கழகம் தன் இலக்கணத்தைத் திருத்தியது. வாய்மொழி என்பது நோவை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்றே என்றும், கூற இயலாமை கொண்டு மனிதர்க்கோ பிற விலங்குகட்கோ நோவில்லை என மறுத்தல் ஆகாது என்றும் அதனுடன் விளக்கம் சேர்த்தது. ஒரே ஒரு சொல்லை நீக்குவதற்கு அறிவுலகம் 41 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இச்செய்தி வியப்பையும் தந்தது, பொறுப்பையும் உணர்த்தியது.

சொற்களால் ஆன அளவுகோல்

இச்செய்திகளை எமக்கு முதன்முதலில் எடுத்துக் கூறியவர் எம் தமக்கையின் மகள். அவர் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயில்பவர். 1903-ஆம் ஆண்டில் 20 மாணவர்களோடு தொடங்கப்பெற்ற அக்கல்லூரி, 1989-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இன்று விளங்குகின்றது.

ஒருநாள் அவர், "மாமா, நீங்க சொல் ஆராய்ச்சி பண்றவங்கதானே, இதைப் பாருங்க" என்று ஒரு தாளை எம்மிடம் நீட்டினார். இசுகாட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் நாய்களின் நோவை அளக்க வகுத்த அளவுகோல் அது. அது தோன்றிய முறையே எம்மைக் கவர்ந்தது. நோவுற்ற நாய்களைக் குறிக்கக் கால்நடை மருத்துவர்கள் எவ்வெச் சொற்களைப் பயன்படுத்துகின்றனர் என்று அவர்கள் முதலில் கேட்டறிந்தனர். 279 சொற்களும் தொடர்களும் கிடைத்தன. ஒரு பொருட் பன்மொழிகளை ஒன்றாக்கி, பொருந்தாதவற்றை விலக்கி, 47 ஆகச் சுருக்கி 2001-இல் வெளியிட்டனர். நிகண்டு தொகுத்த நம் முன்னோர் செய்ததும் ஏறத்தாழ இத்தகைய பணியே. மெக்கில் வினாத்தாளில் சொல் நோயாளியினுடையது. கிளாஸ்கோ அளவுகோலில் சொல் காண்பவருடையது. உரைக்க இயலாத உயிருக்கு ஈண்டுக் காண்பவரே வாயாகின்றார்.

மருத்துவமனையில் விரைந்து பயன்படுத்துவதற்கெனச் சுருக்கப்பட்ட வடிவம் 2007-இல் வந்தது. அதில் ஆறு பகுதிகள் உள்ளன. நாய் எழுப்பும் ஒலி, புண்ணின்மீது அது கொள்ளும் கவனம், நடை, புண்ணருகே மெல்ல அழுத்தும்போது அது காட்டும் எதிர்ச்செயல், அதன் மனநிலை, அது கிடக்கும் நிலை என்பன அவை. ஒவ்வொன்றிலும் பொருந்தும் சொல்லைத் தெரிவு செய்து, அதற்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். மொத்தம் 24. நடத்திப் பார்க்க இயலாத நாய்க்கு 20. முன்னதில் 6-ம் பின்னதில் 5-ம் எட்டினால் நோவு நீக்கி மருந்து கொடுப்பது குறித்து மருத்துவர் முடிவு செய்தல் வேண்டும்.

இம்மாணவியின் கல்வியைப் பற்றி உறவினர் அனைவரும் மகிழ்ந்தனர் என்று கூறுதற்கில்லை. திருமண வீடொன்றில் பெரியவர் ஒருவர் பலர் முன்னிலையில், "நம்ம வீட்டுப் பொண்ணு நாயைத் தொட்டுப் பாக்குற படிப்பா படிக்கணும்?" என்று கேட்டார். அவர் நல்லவர், மார்க்கப் பேணுதலால் கேட்டாரேயன்றிப் பகைமையால் அன்று. எம் தமக்கையின் முகம் வாடியது. மாணவியோ, "கழுவிட்டு வந்துதான் பெரியத்தா தொழறேன்" என்று மட்டும் கூறிப் பந்திக்குத் தண்ணீர் பரிமாறச் சென்றுவிட்டார். பெரியவர் மேலும் ஒன்றும் பேசவில்லை. அவ்வினா எழுப்பிய சிந்தனையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று எனலாம்.

தொழிற்பேட்டையில் ஒரு நாய்

யாம் வாழ்வது திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில். சிப்காட் தொழிற்பேட்டையும் அதன் இரும்பாலைகளும் அமைந்த ஊர் இது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் சரக்குந்துகள் ஓடும். மூன்று முறைப்பணிக்கும் தொழிலாளர் வந்து போவர்; பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தாரும் அவர்களுள் மிகுதி. அவர்கள் போடும் சோற்றையும் ரொட்டியையும் உண்டு வாழும் நாய்கள் ஆலை வாயில்தோறும் உண்டு. வண்டிச் சக்கரத்தில் அடிபடுவனவும் அவையே.

அங்குள்ள ஒரு தேநீர்க் கடையின் பின்புறத்தில், சரக்குந்து மோதிய செந்நிற நாயொன்று கிடந்தது. கடைக்கு வந்தோர், "வலிச்சா கத்தாதா சார்? சும்மாதானே கெடக்குது" என்றனர். அவர்களும் இரக்கமற்றவர் அல்லர். ஒருவர் பால் வைத்திருந்தார், ஒருவர் நிழலுக்குச் சாக்கு கட்டியிருந்தார். அமைதியைச் சுகம் என்று பொருள் கொண்டதே அவர்களிடம் நேர்ந்தது. ஒடிசாவைச் சேர்ந்த இளந்தொழிலாளர் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் ஒரு கைவிரல்களில் அடங்கும். "பிஸ்கட்டு வேணாம். வால் ஆட்டல. கூப்பிட்டா பாக்கல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாள்தோறும் தம் கையால் உணவு கொடுத்தவர் ஆதலின், அதன் இயல்பு மாறியதை அவர் அறிந்திருந்தார்.

விடுமுறைக்கு வந்திருந்த மாணவியை யாம் அழைத்துச் சென்றோம். அவர் உடனே நாயை அணுகவில்லை. சற்றுத் தொலைவில் நின்று சில நிமிடங்கள் நோக்கினார். பிறகு குரல் கொடுத்தார். அதன்பின்னரே, தடுப்பூசி முன்னரே இட்டுக்கொண்டவராகிய அவர், துணிநாடாவால் அதன் வாயைத் தளரக் கட்டித் தொட்டுப் பார்த்தார். ஒலி எழுப்பவில்லை, எண் 0. இடுப்பை நக்கிக்கொண்டே இருந்தது, 2. புண்ணருகே அழுத்தியதும் உறுமியது, 3. சூழலில் நாட்டமின்றிக் கிடந்தது, 2. முதுகைக் குறுக்கி உடலை இறுக்கி வைத்திருந்தது, 3. நடத்திப் பார்க்க இயலாமையின் அப்பகுதியை விட்டுவிட்டார். ஆக, 20-க்கு 10. மருந்து வேண்டும் என்பதற்கான எல்லையினும் இரு மடங்கு! எல்லோரும் எதிர்பார்த்த 'கத்துதல்' என்னும் பகுதியிலோ அது பெற்றது சுழியே.

தொழிலாளர்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் சிறுவண்டியில் அதனை ஏற்றி வேப்பேரிக்குக் கொண்டு சென்றோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நோவு நீக்கி மருந்து கொடுத்துச் சில மணி நேரத்துக்குப் பின் மீண்டும் அளந்தபோது 3 ஆகக் குறைந்திருந்தது. ஒருமுறை அளப்பதோடு பணி முடிவதில்லை. மருந்து வேலை செய்ததா என மீண்டும் அளப்பதே முறை என்று மாணவி விளக்கினார். மருந்துக்குப் பின்னர் அந்த ஒடிசா இளைஞர் கூப்பிட்டபோது நாய் தலை தூக்கிப் பார்த்தது. தமிழ் அறியாத அவர், தமிழ் அறிந்த எங்கள் அனைவரினும் முன்னதாக அந்நாயின் மொழியை அறிந்திருந்தார் என்பதை ஈண்டுப் பதிவு செய்தல் எம் கடமை.

முகத்தைப் படித்தல்

நாயினும் பூனையை அறிதல் அரிது. பூனை தனித்து வேட்டையாடும் உயிர். தன்னினும் பெரிய விலங்குக்கு இரையாகக் கூடியதும் ஆம். நலிவை வெளிக்காட்டுவது அதற்குத் தீங்காகலின், நோவுற்ற பூனை ஒதுங்கி மறைந்து கொள்ளும். சில வேளைகளில் நோவுற்ற நிலையிலும் 'குர்குர்' என்று ஒலி எழுப்பும். அவ்வொலியை இன்பத்தின் அடையாளமாகவே கொள்வோர் ஏமாறுவர்.

கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பூனையின் முகத்தைக் கொண்டே நோவை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். காது, கண், வாய்ப்புறம், மீசை, தலை ஆகிய ஐந்தையும் நோக்க வேண்டும். நோவு மிகும்போது காதுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்புறம் திரும்பும். கண்கள் இடுங்கும். மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகி நீள்வட்டமாகும். வளைந்திருக்கும் மீசை மயிர்கள் நேராகி முன்னோக்கும். தலை தோளினும் தாழும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை எண் இட்டால் மொத்தம் 10. அதில் 4 அல்லது அதற்கு மேற்பட்டால் மருந்து தேவைப்படலாம். உறங்கும் பூனையையும், உண்ணும் பூனையையும், தன்னை நக்கித் தூய்மை செய்யும் பூனையையும் அந்நேரத்தில் அளத்தலாகாது. மெய்ப்பாட்டியல் கற்ற எவருக்கும் இம்முறை எளிதில் கைவரும்.

திடீரென வரும் நோவுக்கு இது பொருந்தும். நாட்பட்ட நோவு முகத்தில் இவ்வளவு தெளிவாகத் தோன்றாது. அன்றாட வாழ்வில் நேரும் மாற்றங்களில் அதனைத் தேட வேண்டும். எம் இல்லத்தில் 13 ஆண்டுகளாக வளரும் பூனையொன்று உண்டு. எம் அன்னையாருக்கு அது மிகவும் நெருக்கம். முன்பெல்லாம் சன்னல் திண்டில் தாவி ஏறி வெயிலில் படுத்திருக்கும் அது, பின்னர்த் தரையிலேயே கிடக்கலாயிற்று. "வயசாயிடுச்சு, அடங்கிப் போச்சு" என்பார் அன்னையார். மாணவி அதன் முதுகு மயிர் சடையிட்டிருப்பதையும், நகங்கள் தேயாமல் நீண்டு வளைந்திருப்பதையும் காட்டினார். திரும்பி நக்க முடியாத முதுகில் மயிர் சடை பிடிக்கும். தாவாத, கீறாத கால்களில் நகம் தேயாது. மூட்டுகளில் நோவு இருக்க வேண்டும் என்றார் அவர். மருத்துவர் எடுத்த கதிர்ப்படமும் அதனையே காட்டிற்று. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் கதிர்ப்படங்களைச் சோதித்ததில் 90 பூனைகட்கு மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் இருந்தன. அவற்றுள் எத்தனை பூனைகள் 'அடங்கிப் போயின' என்று கருதப்பட்டனவோ!

எம் அன்னையார் முழங்கால் நோவால் நாற்காலியில் அமர்ந்து தொழுபவர். கதிர்ப்படத்தைக் கண்டதும் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்பு, "எனக்கு வலிக்குதுன்னு நான் தெனமும் சொல்றேன். இது சொல்லவே இல்லையே" என்றார். அன்று மாலையே சன்னலின் கீழ் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போடச் சொன்னார். பூனை அதில் முதலில் ஏறி, பின்பு திண்டுக்குச் சென்றது. மருத்துவர் தந்த மருந்தோடு அப்பெட்டியும் ஒரு மருந்தாயிற்று.

ஓர் எச்சரிக்கை

நோவை அறிந்தவுடன் நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இது பெருந்தீங்கு. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அம்மருந்தை முறையாகச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. அதனால் குருதி உயிர்வளியைச் சுமக்கும் தன்மையை இழக்கின்றது. ஈறுகள் நீலமாகவோ பழுப்பாகவோ மாறுகின்றன. இபுபுரூபன் என்னும் மாத்திரை நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். அளத்தல் நம் பணி. மருந்து கொடுத்தல் மருத்துவர் பணி.

மற்றொன்றும் கூறல் வேண்டும். நோவுற்ற நாய், தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். தெருநாயைப் பழக்கமில்லாதோர் தொடுதல் கூடாது. தொலைவிலிருந்து நோக்குதலே போதும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி இட்டுக்கொள்ளல் வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றினால் பிழைப்பது அரிதினும் அரிது. இரக்கமும் எச்சரிக்கையும் ஒன்றற்கொன்று பகையல்ல.

நம் மரபு காட்டும் வழி

திருமண வீட்டில் எழுந்த வினாவுக்கு இனி வருவோம். நாயின் எச்சில் பட்டால் தூய்மை செய்தல் வேண்டும் என்பது நம் மார்க்க நெறி. அதில் மாறுபாடில்லை. தூய்மை பற்றிய அந்நெறி, பரிவைத் தடுக்கும் நெறி ஆகாது. வழிப்போக்கர் ஒருவர் கிணற்றில் இறங்கி நீரருந்தி மேலே வந்தபோது, தாகத்தால் நாய் ஒன்று ஈரமண்ணை நக்கக் கண்டு, மீண்டும் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து வந்து ஊட்டினார். இறைவன் அவரை மன்னித்தான் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளான செய்தியையும் அறிவோம். முதற்செய்தியில் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. அந்த நாய் 'தாகம்' என்று கூறவில்லை. அது நாக்கைத் தொங்கவிட்டு மண்ணை நக்கியது. அம்மனிதர் அதனைக் கண்டார், தமக்குச் சற்று முன்பு நேர்ந்த தாகத்தை நினைத்தார், இதற்கும் அதுவே நேர்ந்துள்ளது எனத் தெளிந்தார், பின்பு செயற்பட்டார். காணல், ஒப்பிடல், தெளிதல், செய்தல் என்னும் இந்நான்கும் அல்லவோ இன்று வேப்பேரியில் ஒரு மாணவி தாளும் எழுதுகோலும் கொண்டு செய்வது?

தமிழ் மரபும் இதற்கு மாறன்று. வள்ளுவர் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில், பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் கருதிக் காவாதவிடத்து அறிவினால் ஆகும் பயன் யாது என வினவுகின்றார். மணிமேகலையில் ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவின் அச்சத்தைக் கண்டு அதனை விடுவிக்கின்றான். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் உண்டு. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கின்றார்கள். காப்பியத்தில் மான் பேசுகின்றது. புலவர் அதற்குச் சொல் வழங்கினார். காப்பியத்துக்கு வெளியே மான் பேசாது, நாயும் பேசாது. அவற்றிற்குச் சொல் வழங்கும் புலமை ஈண்டு நம்மிடம் எதிர்பார்க்கப்படுகின்றது.

நாட்டின் சட்டமும் இதனை வலியுறுத்துகின்றது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்போர் அதற்குத் தேவையற்ற நோவு நேராமல் காத்தல் கடமை என அச்சட்டம் கூறுகின்றது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நோவை அறிந்தால் அன்றி அதனைத் தடுப்பது எங்ஙனம்?

நாம் செய்யத்தக்கது

எம் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் வழக்குச் சொற்களைத் தொகுத்துத் தருகின்றனர். இவ்வாண்டு ஒரு புதிய தொகுப்பை மேற்கொள்ளலாம் என்பது எம் கருத்து. ஆடு மாடு மேய்ப்போர், பால்காரர், வீட்டில் பூனை வளர்க்கும் பாட்டிமார், ஆலைக் காவலர் ஆகியோரிடம் சென்று, நோவுற்ற விலங்கை எச்சொற்களால் குறிக்கின்றனர் எனக் கேட்டு எழுதுக. 'சுணங்கிக் கிடக்குது', 'முடங்கிப் படுத்திருக்கு', 'தீனி எடுக்கல', 'அனத்துது', 'ஒதுங்கிப் போகுது', 'முதுகைக் கூனிக்கிட்டு நிக்குது' என எம் செவியில் விழுந்தவையே பல. கிளாஸ்கோவில் 279 கிடைத்தன. திருவள்ளூர் மாவட்டத்தில் அதனினும் குறையாது என்பது எம் நம்பிக்கை. தொகுத்தவற்றை வகைப்படுத்தி வேப்பேரிக் கல்லூரியாரிடம் வழங்கினால், தமிழ்பேசும் எளிய மக்கள் தம் சொல்லாலேயே தம் விலங்கின் நோவை மருத்துவருக்கு உணர்த்த அது துணைபுரியும். தமிழ்த்துறைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர்க்கு அத்தொகுப்பே விடையாகும்.

சமுதாயப் பெரியோர்களிடம் எம் வேண்டுகோள் ஒன்றே. நம் இல்லத்துப் பெண்மக்கள் இக்கல்வியை நாடி வருவாராயின், அவர்களை வினாக்களால் தளரச் செய்யாது வாழ்த்தி அனுப்புங்கள். பேச இயலாத உயிரின் முகத்தைப் பார்த்து அதன் நோவைப் படிக்கக் கற்ற கண், நாளை பேசத் தயங்கும் முதியவரின் நோவையும், சொல்லத் தெரியாத குழந்தையின் நோவையும் எளிதில் படிக்கும். அத்தகைய கண்கள் நம் வீடுகளிலும் பெருகட்டும். இறைவன் அருள் புரிவானாக!